ஏழாம் நம்பர் பாட்டில்

மச்சான்: இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் மாமா. பேனா மூடியக் கூட நானே கழட்டிட்டேன்.

மாமா: உக்காரு மச்சான். வந்ததும் வராததுமா பேனாவ நீட்டுறே.

மச்சான்: எங்க உக்கார்றது? இந்த மோட்டார் ரூம்ல இருக்கறது ஒரு கட்டில், ஒரு உர மூட்டை, நீங்க. கட்டில்ல நீங்க படுத்திருக்கீங்க.

மாமா: மூட்டை மேல உக்காரு.

மச்சான்: கீச்சு கீச்சுன்னு என்னமோ சத்தம் வருது...

மாமா: எலி. மூட்டைக்குப் பின்னாடி குட்டி போட்டிருக்கு. கொஞ்சம் ஓரமா உக்காந்துக்கோ, அது ஒன்னும் சொல்லாது.

மச்சான்: இது போன வருஷம் எல்லாரும் சேந்து வாங்கின மூட்டைல்ல? தையல் கூடப் பிரிக்கல?

மாமா: நாளைக்குப் போடலாம்னு இருந்தேன்.

மச்சான்: ஊர்ல உங்களுக்கு 'நாளைக்கு'ன்னு பேரு வெச்சிருக்காங்களே, வெச்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

மாமா: உனக்கு 'சர்டிபிகேட்'னு பேரு வெச்சவனும் அவன்தான். போட்டா ரெண்டு காப்பா போடு.

மச்சான்: சர்டிபிகேட் வாங்கினேன், வெச்சாங்க. நல்ல விவசாயின்னு ஏழு வாங்கியிருக்கேன். செவுத்துல மாட்ட இடம் இல்லாம உங்க தங்கச்சி ரெண்ட பீரோ மேல வெச்சிருக்கா. நான் என்ன உங்கள மாதிரியா? சரி, கையெழுத்துப் போடுங்க.

மாமா: என்ன எழுதியிருக்கு இதுல?

மச்சான்: எத்தன தடவ சொல்றது? 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் ஆத்துக்கரை விவசாயிகள் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' ஒரே வரி. அழகா எழுதிக்கிட்டு வந்திருக்கேன்.

மாமா: எனக்கு விருப்பம் இல்லையே.

மச்சான்: எப்படி இருக்கும்? விருப்பம் வர்றதுக்கே நாளைக்கு ஆகும். மாமா, நேத்து கூட்டத்துல உங்களப் பத்தித்தான் ஒரு மணி நேரம் பேச்சு. ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. பதினொரு பேரு குழு, பதினொரு பாட்டில் தண்ணி எடுத்துக் குடுத்தோம். பத்து நல்லா வந்திருக்கு. சோதனையில ஏழாம் நம்பர் மட்டும் செக்கச் செவேல்னு வந்திருக்கு. ஏழாம் நம்பர் யாரு?

மாமா: நான்தான்.

மச்சான்: நீங்கதான். பத்துக்கு மேல போனாலே ஆகாதுங்கற உர உப்பு, உங்க பாட்டில்ல இருவத்தி மூணு. கீழ ஊர்ல ஆத்துத் தண்ணி எடுக்கற பம்பு ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. 'மேல இருக்கற குழுக்காரங்க வயல் எல்லாம் சுத்தம்னு எழுதிக் குடுங்க, திறந்துடறோம்'னு சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை கடைசி நாள். நீங்க குழுவுல இல்லன்னு வெச்சுக்கோங்க... மீதி பத்தும் சுத்தம். பம்பு திறந்துடும்.

மாமா: நான் குழுவ விட்டுப் போயிட்டா என் வயலும் எழுந்து போயிடுமா?

மச்சான்: என்னது?

மாமா: வயல் அங்கயேதான இருக்கும். அந்தத் தண்ணி ஆத்துலதான போயி விழும். கையெழுத்துப் போட்டா தண்ணி திரும்பிப் போயிடுமான்னு கேக்கறேன்.

மச்சான்: ...ஒரு வயல் தண்ணி என்ன பெருசா பண்ணிடப் போகுது மாமா.

மாமா: நீ சொன்னா சரி. நீ குழுத் தலைவர்.

மச்சான்: அந்த ஊர்லதான் உங்க பொண்ணு இருக்கா, ஞாபகம் இருக்கா? ஏழு மாசக் குழந்தைய வெச்சுக்கிட்டு நாள் விட்டு நாள் டேங்கர் லாரி பின்னாடி குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறா. உர உப்பு சேந்த தண்ணி பெரியவங்களுக்குக் கூடப் பரவால்ல, கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க அக்கா பேத்தி மாமா அது. எனக்கு வயிறு எரியுது.

மாமா: எனக்கு மட்டும் எரியலயா?

மச்சான்: எரிஞ்சா படுத்துக்கிட்டு இருப்பீங்களா? அவ நேத்து எனக்குப் போன் பண்ணா.

மாமா: உனக்கா? எனக்குப் பண்ணலயே.

மச்சான்: உங்களுக்குப் பண்ணி என்ன ஆகப் போகுது? போனையே நாளைக்குத்தான எடுப்பீங்க.

மாமா: ...என்ன சொன்னா?

மச்சான்: என்ன சொல்லுவா. ஏதோ சொன்னா. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க மாமான்னா. அத விடுங்க. கையெழுத்துப் போடுங்க.

மாமா: உன் பாட்டில் எத்தனாம் நம்பர் மச்சான்?

மச்சான்: எட்டு. ஏன்?

மாமா: எட்டுல எவ்வளவு வந்துச்சு?

மச்சான்: ஒன்னு புள்ளி நாலு. கண்ணாடி மாதிரி.

மாமா: அதிசயந்தான்.

மச்சான்: இதுல என்ன அதிசயம்? என் வயல் நல்லா வராம வேற யாருது வரும்?

மாமா: கோவப்படாத. சும்மா கேட்டேன். தண்ணிய நீயே பிடிச்சியா?

மச்சான்: நானேதான்.

மாமா: உன் வாய்க்கால்லயா?

மச்சான்: ...பின்ன எங்க போய்ப் பிடிப்பாங்க? என்ன கேள்வி இது. நீங்க உங்க பாட்டில நீங்களே பிடிச்சீங்களா?

மாமா: நானேதான்.

மச்சான்: உங்க வாய்க்கால்லயா?

மாமா: ஏன் கேக்கற?

மச்சான்: நீங்க கேட்டீங்க, நானும் கேட்டேன். இருவத்தி மூணு வந்திருக்கே, எப்படின்னு... எனக்கும் ஒரு அதிசயம் இருக்கக் கூடாதா?

மாமா: என் வயல் மோசமா வர்றதுல உனக்கென்ன அதிசயம்? ஊரே எதிர்பாத்ததுதான?

மச்சான்: அது... ஆமா. எதிர்பாத்ததுதான்.

மாமா: இன்னொன்னு கேக்கணும். என் வயல்லேர்ந்து வாய்க்கால் ஆத்துல போய்ச் சேர்ற எடத்துல, நாணலுக்கு நடுவுல, யாரோ ரோடு போட்ட மாதிரி மிதிச்சு வெச்சிருக்காங்க.

மச்சான்: மாடா இருக்கும்.

மாமா: மாடு செருப்பு போடுமா?

மச்சான்: ...செருப்பா?

மாமா: சேத்துல ஒரு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இடது கால். ஒம்போதாம் நம்பர்.

மச்சான்: எனக்கு என்ன தெரியும்.

மாமா: நீ போட்டிருக்கறது புதுசு போல இருக்கே.

மச்சான்: பழசு அறுந்து போச்சு.

மாமா: ரெண்டுமா?

மச்சான்: மாமா, நான் இங்க செருப்பப் பத்திப் பேச வரல. வாழ்க்கையில ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேலைய, 'இப்பவே'ன்னு செஞ்சுடுங்க. உங்க கால்ல விழுறேன். பேனா காஞ்சு போகுது.

மாமா: நாளைக்கு...

மச்சான்: அய்யோ, இந்த மனுஷனோட எங்க அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ.

டீச்சர்: உள்ள வரலாமா?

மச்சான்: யாரு... தண்ணி டீச்சரா? ஞாயித்துக்கிழமை அதுவுமா? வாங்க வாங்க. சொல்லியிருந்தா நான் ஸ்கூட்டர் வரைக்கும் வந்திருப்பேனே. என்ன டீச்சர், முட்டி வரைக்கும் சேறு?

டீச்சர்: ஐயாவோட நாணல் காட்டுக்குள்ள வழி தெரியாம மாட்டிக்கிட்டேன் தலைவரே. தலைக்கு மேல நிக்குது. நல்லவேளை, நடுவுல யாரோ பாதை போட்டு வெச்சிருந்தாங்க.

மாமா: மாடுன்னு சொல்றான் மச்சான்.

மச்சான்: டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க. மாமா கையெழுத்துப் போடப் போறாரு. விலகல் கடிதம். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்.

டீச்சர்: இருங்க தலைவரே. ஆத்தக் காப்பாத்தற சங்கம் என்னை அனுப்பினது தண்ணி பாக்கத்தான், கடிதம் பாக்க இல்ல. ஐயா, ஒன்னு ரெண்டு கேக்கணும். போன மழைக்கு முன்னாடி உரம் போட்டீங்களா?

மாமா: போடணும்னுதான் இருந்தேன்.

டீச்சர்: போட்டீங்களா, இல்லையா?

மாமா: தலைவரு உக்காந்திருக்காரே, அதான் மூட்டை.

டீச்சர்: தையலே பிரிக்கலயே. பூச்சி மருந்து?

மாமா: தெளிக்கிற டப்பா ஓட்டையா இருக்கு. நாளைக்கு ஒட்டலாம்னு...

டீச்சர்: கரைய ஏன் உழல? நாணல ஏன் வெட்டல?

மாமா: அது ஒரே நாள்ல முடியற வேலையா டீச்சர்? மலைப்பா இருந்துச்சு. ஒரு தடவ கத்தியத் தீட்டிக்கிட்டுப் போனேன். உள்ள ஏதோ பறவை முட்ட போட்டிருந்துச்சு. சரி, அது பொரிக்கட்டும்னு திரும்பி வந்துட்டேன்.

டீச்சர்: எப்போ?

மாமா: மூணு வருஷம் இருக்கும்.

டீச்சர்: வாய்க்கால்?

மாமா: தூர்ந்து போயிக் கெடக்கு. வயல் தண்ணி வேகமா ஓடாது. அங்கங்க நின்னு, புல்லுக்குள்ள பூந்து, என்ன மாதிரியே மெதுவாப் போயி ஆத்துல சேரும். பன்னெண்டு வேலை போட்டு ஒரு தாள் குடுத்தீங்களே, ஆத்தக் காப்பாத்தறதுக்குன்னு. அதுல ஒன்னு கூட நான் பண்ணல. பொய் சொல்ல விரும்பல டீச்சர். பொண்ணுகிட்ட மட்டும் பன்னெண்டையும் பண்ணிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

டீச்சர்: அந்தத் தாளப் படிச்சீங்களா?

மாமா: நாளைக்குப் படிக்கலாம்னு கட்டிலுக்கு அடியில வெச்சேன். எலி பாதியத் தின்னுடுச்சு.

டீச்சர்: சரி. அப்போ இருவத்தி மூணு எங்கேர்ந்து வந்துச்சு?

மச்சான்: அது... பழைய உரமா இருக்கும் டீச்சர். மண்ணுல தங்கியிருக்கும். இல்லன்னா பக்கத்துல ஆடு கீடு...

டீச்சர்: தெரிஞ்சுடும். வர்ற வழியில ஐயா வாய்க்கால்லேர்ந்து ஒரு பாட்டில் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

மாமா: எதுக்கு டீச்சர் அதெல்லாம்?

மச்சான்: ஆமா, எதுக்கு? அதான் மெஷின்ல பாத்தாச்சே.

டீச்சர்: ரெண்டு பேரும் சேந்து ஒரே பேச்சு பேசி நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இருங்க, இந்தத் தாள் பட்டைய முக்கி ஒரு நிமிஷம் வெச்சா போதும். சிவந்தா உப்பு. வெள்ளையாவே இருந்தா நல்ல தண்ணி.

மாமா: ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம்?

டீச்சர்: அறுவது நொடி ஐயா. எல்லாருக்கும் அவ்வளவுதான்.

மச்சான்: இந்த ரூம்ல காத்தே வரல... மாமா, மூஞ்சி ஏன் இப்படி வேக்குது உங்களுக்கு?

மாமா: நீ ஏன் பேனா மூடியக் கழட்டிக் கழட்டி மாட்டுறே?

டீச்சர்: பாருங்க.

மச்சான்: வெள்ளையா இருக்கு.

டீச்சர்: பாலு மாதிரி வெள்ளை.

மாமா: என் வாய்க்காலா இது? நல்லாப் பாத்தீங்களா டீச்சர், வேற யாரு வாய்க்கால்லயாவது...

டீச்சர்: அந்த நாணல் காடு ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு?

மச்சான்: அப்போ சரி. ரொம்ப நல்லது. மாமா, கையக் குடுங்க. மெஷின் தப்பு, இல்லன்னா பாட்டில் தப்பு. கடிதத்தக் கிழிச்சுப் போட்டுடலாம். நானே கிழிக்கறேன், பாருங்க. பதினொன்னும் சுத்தம். எங்க மாமாவ ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லட்டும் இனிமே.

டீச்சர்: அப்படியே எழுதிடலாமா தலைவரே? ஏழாம் நம்பர் தவறுதலாப் பிடிச்சது, மறுபடி பாத்ததுல சுத்தம். பதினொன்னும் சுத்தம். திங்கக்கிழமை பம்பு திறக்கலாம். ஐயா, நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.

மச்சான்: இந்தாங்க மாமா, பேனா. இந்தக் கையெழுத்து மரியாதைக்குரிய கையெழுத்து. சந்தோஷமாப் போடுங்க.

மாமா: நாளைக்கு...

மச்சான்: எதுக்கு நாளைக்கு? நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஜெயிச்சதுக்குமா நாளைக்கு?

மாமா: டீச்சர், பம்பு திறந்தா மொதக் குடம் யாரு பிடிப்பா தெரியுமா? எம்பொண்ணு. ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கா. வீடு பம்புக்கு எதுத்தாப்ல. அந்தத் தண்ணியிலதான் குழந்தைக்குக் கஞ்சி காச்சுவா.

டீச்சர்: ஆமாங்க ஐயா. அதுக்குத்தான இவ்வளவும்.

மாமா: அதனாலதான் சொல்றேன். எழுதாதீங்க. ஏழாம் நம்பர் பாட்டில்ல இருந்தது என் வாய்க்கால் தண்ணி இல்ல.

மச்சான்: மாமா, வேணாம்... எதுக்கு இப்போ...

மாமா: நாலு நாளா மனசுலயே வெச்சிருக்கேன் மச்சான். சொல்லிடறேன். பன்னெண்டு வேலையில ஒன்னு கூடப் பண்ணலயே, நம்ம தண்ணி சிவந்து போச்சுன்னா பொண்ணு மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு பயந்துட்டேன். ஊர்லயே சுத்தமான வயல் யாருது? ஏழு சர்டிபிகேட் வாங்கின வயல். அங்க போயிப் பிடிச்சுட்டேன். அந்த இருவத்தி மூணு உன்னோடது மச்சான்.

மச்சான்: என் வயலுக்கு வந்தீங்களா?

மாமா: வந்தேன்.

மச்சான்: எப்போ?

மாமா: தண்ணி எடுக்கற அன்னிக்கு. காலையில அஞ்சரை மணிக்கு.

மச்சான்: அஞ்சரைக்கு நீங்க எழுந்திரிச்சீங்களா?

மாமா: அதுவா இப்போ முக்கியம்?

மச்சான்: இல்ல, கல்யாணமான நாள்லேர்ந்து எங்க அக்கா பாத்ததில்ல அத... அஞ்சரைக்கா? சும்மா கதை விடாதீங்க மாமா. அஞ்சு மணிக்கெல்லாம் நான் வயல்ல நிப்பேன். ஒரு நாள் தவறினது கெடையாது. நீங்க வந்திருந்தா என் கண்ணுல படாம இருப்பீங்களா?

மாமா: அதத்தான் நானும் யோசிச்சேன். இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் உன்னத் தேடிப் பாத்துட்டுத்தான் பிடிச்சேன். நீ இல்ல. எங்க போயிருந்தே?

மச்சான்: நான்...

மாமா: உன் தண்ணி இருவத்தி மூணுன்னு எனக்குத் தெரியும். ஆனா எட்டாம் நம்பர் ஒன்னு புள்ளி நாலு. எங்க போயிருந்தே மச்சான்? சரி, அத விடு. செருப்பு வேணுமா? கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு.

மச்சான்: ...குடுங்க.

டீச்சர்: ரொம்ப நன்றி தலைவரே.

மச்சான்: சிரிக்காதீங்க டீச்சர். எனக்கு அழுகை வருது. ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல அந்தப் பட்டைய வெச்சுப் பாத்தேன். செங்கல் கலர்ல வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மாமா பேத்தி மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னாடி. நான்தான் தலைவரு, நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுக்கறேன். எங்க போயிச் சொல்லுவேன்? மாமா வாய்க்கால்ல தவளை கத்தும், குட்டி மீனு ஓடும். என் வாய்க்கால்ல ஒரு தவளை கெடையாது. எனக்குத் தெரியும் மாமா, எப்பவோ தெரியும். ஆனா வாயால ஒத்துக்க முடியல. விடிய விடிய வேல செய்யறவன் தண்ணி கெட்டுப் போகுது, படுத்துக் கெடக்கறவர் தண்ணி பாலா இருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

டீச்சர்: கரையில என்ன பண்ணீங்க தலைவரே? பன்னெண்டு அடி சும்மா விடணும்னு சொன்னேனே.

மச்சான்: விட்டேன்.

டீச்சர்: எவ்வளவு நாள்?

மச்சான்: ரெண்டு நாள். அதுக்கு மேல மனசு கேக்கல டீச்சர். மண்ணு சும்மாக் கெடந்தா எனக்குக் கை அரிக்குது. ஒரு வரிசை வெண்டை போட்டேன். வெண்டை வாடக் கூடாதுன்னு கொஞ்சம் உரம் போட்டேன். புல்லு மொளச்சுது, புடுங்கினேன். வாய்க்கால் அடைஞ்சுதுன்னு நேரா வெட்டி, கூட்டிப் பெருக்கி, தண்ணி சும்மா சல்லுனு ஓடுற மாதிரி பண்ணேன். வீட்டு வாசல் கூட அப்படி இருக்காது.

டீச்சர்: சல்லுனு ஓடிச்சு. போட்ட உரத்தையும் தூக்கிக்கிட்டு நேரா ஆத்துல போயி விழுந்துச்சு. அந்தத் தாள நீங்களாவது முழுசாப் படிச்சீங்களா? பன்னெண்டுல ஒம்போது வேலை 'கூடாது'தான். கரைய உழக் கூடாது. நாணல வெட்டக் கூடாது. மழைக்கு முன்னாடி உரம் போடக் கூடாது. வாய்க்கால நேராக்கக் கூடாது...

மாமா: இருங்க டீச்சர். அப்போ நான் ஒம்போது வேலை பண்ணியிருக்கேனா?

டீச்சர்: பிரமாதமாப் பண்ணியிருக்கீங்க ஐயா.

மாமா: படுத்துக்கிட்டா?

டீச்சர்: படுத்துக்கிட்டேதான். உங்க நாணல் வேரு உப்பப் பிடிச்சு வெச்சுக்கிட்டு தண்ணிய மட்டும் அனுப்புது. மீதி மூணு பாக்கி. அதுக்காவது எழுந்திரிக்கணும். வெள்ளாமைக்கு உரம் போட்டே ஆகணும்னா அளவா, மழை விட்டப்புறம் போடணும்.

மாமா: நாளைக்கு...

மச்சான்: என்ன சர்டிபிகேட் வேணாலும் திருப்பிக் குடுத்துடறேன் டீச்சர். மத்த ஒம்போது பேருக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க நேர்மையா எடுத்துக் குடுத்திருக்காங்க. நான் பண்ணினதுக்கு அவங்க பேரு கெடக் கூடாது. நான் தலை நிமிந்து நடக்க முடியாது.

டீச்சர்: அந்த ஒம்போது பேருல எத்தன பேரு செருப்பு தொலைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது தலைவரே. இந்தாங்க, நீங்க எல்லாரும் குடுத்த பாட்டில் பெட்டி, திறந்து பாருங்க. உங்க எட்டாம் நம்பர். உள்ள வெள்ளையா மெதக்குதே, என்ன அது?

மச்சான்: பஞ்சு மாதிரி... நாணல் பூ.

டீச்சர்: ஒன்னாம் நம்பர்ல பாருங்க. ரெண்டு. மூணு. நாலுல கொஞ்சம் அதிகமாவே இருக்கு.

மச்சான்: எல்லாத்துலயும் இருக்கு.

டீச்சர்: ஏழாம் நம்பரத் தவிர. நாணல விட்டு வெச்சிருக்கறது ஐயா ஒருத்தர்தான். பத்து பாட்டில், பத்துலயும் ஒன்னு புள்ளி நாலு. மொதல்ல ஆளாளுக்கு ஒரே வேலை செஞ்சிருக்காங்க, அதான் ஒரே நம்பர்னு சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மாமா: பத்து பேருமா? என் வாய்க்கால்லயா? அதான் அந்த ரோடு.

டீச்சர்: எட்டு மணி வரைக்கும் நீங்க வரமாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும் ஐயா. வரிசை கட்டி வந்திருக்காங்க.

மாமா: பதினொரு திருடங்க. அதுல பத்து பேரு சரியான வீட்டுக்குப் போயிருக்காங்க. நான் ஒருத்தன்தான் என் வீட்டத் திறந்து போட்டுட்டு வெறும் வீட்டுல போயித் திருடியிருக்கேன்.

மச்சான்: வெறும் வீடா? வாங்கிக்கறேன் மாமா. இன்னிக்கு என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன்.

டீச்சர்: திங்கக்கிழமை பம்பு திறக்காது. நான் அப்படித்தான் எழுதப் போறேன். எல்லாரும் கரைய விடணும். ஒரு பருவம் முழுசா. அப்புறம் நானே வந்து நானே பிடிப்பேன், உங்க ஒருத்தர் கையிலயும் பாட்டில் குடுக்க மாட்டேன்.

மச்சான்: சரி டீச்சர். மாமா, கொஞ்சம் நாணல் வேர் குடுங்க. இன்னிக்கே நட்டுடறேன். பன்னெண்டு அடிக்கும் கயிறு கட்டி, நேர் வரிசையா...

மாமா: நடாத மச்சான். விட்டுடு. அதுவா வரும்.

மச்சான்: விட்டுடறதுன்னா... எப்படி விடறது? நான் அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றது?

மாமா: ஒரு கட்டில் வாங்கிப் போடு.

மச்சான்: நீங்க வந்து சொல்லிக் குடுங்க மாமா. நிஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியல.

மாமா: வர்றேன். ஆனா எனக்கு அது பெருசில்ல மச்சான். இன்னும் ஒரு பருவத்துக்கு அவ குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடணும். இத யாரு அவகிட்ட சொல்றது? 'உங்கப்பன் பன்னெண்டு வேலையும் பண்ணல, பொய் சொன்னான், கடைசியில பாட்டிலயும் மாத்தினான்'னு... அவ என்ன மனுஷனாவே மதிக்க மாட்டா. இப்பவே உனக்குத்தான் போன் பண்றா.

மச்சான்: மாமா, அந்தப் போன் விஷயம்...

டீச்சர்: நீங்க சொல்றீங்களா தலைவரே, நான் சொல்லட்டுமா?

மச்சான்: ...நீங்களே சொல்லுங்க. என் வாயால வராது.

மாமா: என்ன விஷயம்? குழந்தைக்கு ஏதாவதா?

டீச்சர்: குழந்தை நல்லா இருக்கு ஐயா. ஞாயித்துக்கிழமை அதுவுமா நான் ஏன் வந்தேன்னு ரெண்டு பேருமே கேக்கலயே. நேத்து சாயங்காலம் உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் பெட்டியத் திறந்து பாட்டிலயெல்லாம் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். மொதல்ல தலைவர்கிட்டதான் சொன்னாங்களாம், அவரு காதுலயே போட்டுக்கலயாம். 'ஏழாம் நம்பர் எங்கப்பாவோடது இல்ல டீச்சர், யாரோ தப்பு பண்ணியிருக்காங்க. பன்னெண்டு வேலையும் பண்ணிட்டேன்னு அவரு சொன்னது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கப்பா அந்த மூட்டைத் தையலக் கூடப் பிரிச்சிருக்க மாட்டாரு. பம்புல வர்றது அவரு வாய்க்கால் தண்ணி மட்டும்னா, எம்புள்ளைக்கு நான் கண்ண மூடிக்கிட்டுக் கஞ்சி காச்சிக் குடுப்பேன். போயிப் பாருங்க டீச்சர்... எட்டு மணிக்கு மேல போங்க'ன்னாங்க.